உத்தரவு கையில், சாட்சி எங்கே?

தடை உத்தரவு வாங்குவதைவிட, அதை ஒருவன் மீறினான் என்று நிரூபிப்பது பெரும்பாடு. வாங்கியவர்களுக்கும், என்னைப் போல அவர்களுக்காக ஃபைலோடு அலைகிறவர்களுக்கும் இது தெரியும். நான் மைசூரில் ஒரு பெண் வக்கீலிடம் குமாஸ்தா. தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் மேடம் என் பக்கம் தள்ளிவிடுவார்.

அப்படித்தான், பிழைக்க மைசூர் வந்திருந்த கொள்ளேகால் மாதேஸ்வரி என் மேஜைக்கு வந்தாள். அடித்த கணவன் அவள் வீட்டுத் தெருவுக்கு வரக்கூடாது, போனில் பேசக்கூடாது என்று ஆடி மாதமே நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவன் வந்துகொண்டும் பேசிக்கொண்டும்தான் இருந்தான். இது நிற்காவிட்டால் தையல் வேலையை விட்டுவிட்டு மகளோடு ஊருக்கே போய்விடுவதாக இருந்தாள்.

சுத்தமான போன்

புதுப்புது நம்பரிலிருந்து வாட்ஸப்பில் மிரட்டிப் பேசி அனுப்புகிறான் என்றாள். போனை வாங்கிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. எனக்குக் கோபம் வந்தது. எதையும் அழிக்காதே என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பிள்ளை கேட்டுரக் கூடாதுன்னு அன்னன்னைக்கே அழிச்சுட்டனுங்க அக்கா."

ஒரு சொம்பு தண்ணீர்

அடுத்த வாரம் அவன் வாசலுக்கே வந்துவிட்டான். மறுநாள் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். வந்தவன் என்ன செய்தான் என்று ரைட்டர் கன்னடத்தில் கேட்டார். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன் என்றாள் இவள், ஒளிவுமறைவில்லாமல். ரைட்டர் பேனாவை மூடிவிட்டார். நீயே உபசாரம் செய்திருக்கிறாய், அவன் வக்கீல் இதைத்தானே பிடித்துக்கொள்வார் என்றார். வெளியே வந்து நான் புலம்பித் தீர்த்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "வாசல்ல நின்னு தண்ணி கேட்டா, இல்லைன்னு எப்படிங்க அக்கா சொல்றது?"

வாழைக்கன்று

தசரா விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியவள், தான் இல்லாத ஒருநாள் அவன் எதிர் மளிகைக் கடையருகே வந்து நின்றதாகத் தெருவில் பேசிக்கொள்கிறார்கள் என்றாள். எந்த நாள் என்று யாருக்கும் நினைவில்லை. கடையில் கேமரா இருந்தது. கோர்ட் சகவாசமே வேண்டாம் என்று மூன்று நாள் இழுத்த கடைக்காரர், மேடம் நேரில் போய்ப் பேசியதும் காட்டினார். அரை மணி நேரம் பைக்கில் உட்கார்ந்து அவள் வீட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

ஆனால் திரையில் இருந்த தேதி மூன்று வருடம் பழையது. கடையே இந்த யுகாதிக்குத்தான் திறந்தது. கேமராவில் தேதியைச் சரிசெய்ய ஒருவருக்கும் தோன்றவில்லை; கரண்ட் போய் வரும்போதெல்லாம் அது வேறு மாறிவிடுமாம். இது உத்தரவுக்கு முன்பா பின்பா என்று எப்படிக் காட்டுவது? அவன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் திரும்பி நின்ற மாதேஸ்வரி மெல்ல எட்டிப் பார்த்தாள். "வண்டியில வாழக்கன்னும் செண்டுப்பூ மாலையும் கட்டியிருக்குதுங்களே. ஆயுத பூசை அன்னைக்குத்தானுங்க வந்திருக்காரு."

பொரிப் பொட்டலம்

வீடியோவோடு மனுப் போட்டோம். அவன் வரவே இல்லை என்று சாதிப்பான் என நினைத்து, நாங்கள் விடிய விடியப் பேசுமளவுக்குப் பதில் வைத்திருந்தோம். நீதிபதி கேட்டதும், அவன் வக்கீல் வாய் திறப்பதற்குள், வண்டிக்குப் பூசை போட்டுவிட்டுப் பெண்டாட்டிக்குப் பொரி கொடுக்கப் போனேன், வீடு பூட்டியிருந்தது, காத்திருந்தேன், இதிலென்ன தப்பு என்று அவனே சொல்லிவிட்டான். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

உத்தரவை மீறியதற்கு அவன் மேல் வழக்குப் பதியச் சொன்ன நீதிபதி, மாதேஸ்வரி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார். கேள்வியை நான் தமிழில் சொன்னேன். அவள் எழுந்து நின்றாள். "பயமாத்தானுங்க இருக்குது. ஆனா நாளைக்கும் இதே ஊர்லதான் வேலைக்குப் போவனுங்க, அதையும் எழுதிக்கச் சொல்லுங்க."

ஆக, உத்தரவு போடுவது நீதிமன்றம் என்றாலும், அதை மீறினான் என்று காட்டுகிற வேலை மட்டும் எப்போதும் பயந்தவள் தலையில்தான் விழுகிறது.