அறுபது வினாடி மௌனம்

உள்ளறையிலிருந்து மேசையை இரண்டு முறை தட்டும் சத்தம் கேட்டது.

ஒரு தட்டு என்றால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் இல்லை. மூன்று தட்டினால் டீ வேண்டும். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போன இந்த ஏழு மாதங்களாக அண்ணனுடைய பாஷை இவ்வளவுதான். மிச்சத்தைச் சட்டைப் பையிலிருக்கும் குட்டி நோட்டில் எழுதிக் காட்டுவார்.

"மெஷின் இன்னும் பேசலையாண்ணா?" என்று கூடத்திலிருந்தே குரல் கொடுத்தாள் தங்கை.

மறுபடியும் இரண்டு தட்டு. இந்த முறை கொஞ்சம் பலமாக.

"மச்சான் கோபப்படறதுக்கு வாய் எதுக்கு? கை போதும்" என்றார் அவள் கணவர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை என்பதால் வீட்டில் எல்லாரையும் கிண்டல் செய்வதுதான் அன்றைய வேலை.

"ஏங்க, சும்மா இருங்களேன். நேரம் வேற ஓடிக்கிட்டிருக்கு."

மணி மூன்று. ஐந்து மணி பஸ்ஸுக்கு அண்ணன் கிளம்ப வேண்டும். அதற்குள் அவருக்குப் பதிலாகப் பேசவேண்டிய அந்த உள்ளங்கை அகல மெஷின் வாய் திறந்தாக வேண்டும்.

அவளுக்கு வயது நாற்பத்தாறு. தயாரித்த கம்பெனியே கைகழுவிவிட்ட மெஷின்களுக்கு மறுபடியும் உயிர் கொடுப்பது அவள் பிழைப்பு. பஸ்ஸில் டிக்கெட் அடிக்கும் கருவி, நோயாளியின் கட்டிலுக்கு மேலே துடிப்பு காட்டும் திரை என்று எதுவானாலும், உள்ளே எல்லாவற்றையும் கட்டி மேய்க்கும் கெர்னல் என்ற அடிப்படை நிரல் ஒன்று இருக்கும். அதை அந்தந்த மெஷினின் அளவுக்குப் புதிதாகக் கட்டிக் கொடுப்பாள். சாப்பாட்டு மேசையின் ஒரு ஓரம்தான் அவள் அலுவலகம்.

படித்து வாங்கிய வேலையல்ல அது. பழுதுபார்க்கும் கடை ஒன்றில் டைப் அடிக்கப் போனவள். அங்கிருந்த இன்ஜினியர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, பாதியில் கிடந்த கெர்னலை யாரும் தொடப் பயந்தார்கள். அவள் தொட்டாள். கெர்னலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஆயிரக்கணக்கான கேள்விகள், ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்தில் நாலு வரி விளக்கம். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒன்று விடாமல் படித்தாள். ஒன்பது நாள் அசையாத மெஷின் பத்தாம் நாள் கண் திறந்தது. பாத்ரூமுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஆசை தீர அழுதாள். பிறகு முகம் கழுவிவிட்டு வந்து, மிச்சமிருந்த கடிதங்களை டைப் அடித்தாள்.

அண்ணன் வேறு ரகம். இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அவர் "பிரேக்!" என்று கத்தினால் பக்கத்துத் தெருவில் போகிற சைக்கிள்கூட நின்றுவிடும். தங்கையும் இருபத்தோரு வயதில் அவரிடம்தான் கற்க உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் அந்தக் கத்தல் பொறுக்காமல் காரை நடுரோட்டில் விட்டுவிட்டு நடந்தே வீடு வந்து சேர்ந்தாள். இன்றைக்கு அதே கத்தலை ஒரே ஒரு தடவை கேட்கக் கிடைத்தால் அவள் என்னதான் கொடுக்கமாட்டாள்! ஆனால் டாக்டர்கள் எடுத்ததைத் திருப்பித் தருவதில்லையே.

பட்டனை அழுத்தினால் பதிந்து வைத்த வாக்கியத்தைப் பேசும் அந்த மெஷின் பழையது, பேச்சு நின்றுபோன பிறகே அண்ணன் கைக்கு வந்தது. கம்பெனியை மூடி நாலு வருடமாகிறது. இருந்தாலும் அண்ணன் அதை நம்பித்தான் இருந்தார். பயிற்சிப் பள்ளியின் முதலாளி கெட்டவரில்லை, கறாரானவர். "ஞாயித்துக்கிழமை சாயந்திரத்துக்குள்ள மெஷின் ஒழுங்கா பேசுதுன்னு காட்டுங்க. இல்லேன்னா வண்டிக்கு வேற ஆள் போட்டுடுவேன். நீங்க ஆபீஸ்ல உக்காந்து படிவம் நிரப்புங்க" என்று சொல்லிவிட்டார். படிவம்! அந்த வார்த்தையை நோட்டில் எழுதும்போது அண்ணனுடைய பேனா தாளைக் கிழித்துவிட்டது.

மெஷினில் இருக்கும் ஒலிச் சில்லு ஒரு விசித்திரப் பிறவி. ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் தான் யார் என்பதையே மறந்திருக்கும். ஃபர்ம்வேர் என்ற சின்னக் கோப்பை டிரைவர் என்ற நிரல் எடுத்து ஊட்டினால்தான் அதற்கு வாய் வரும்.

"மெஷினுக்கும் டிரைவரா? அப்ப மச்சான் அதுக்கும் ஒரு வாரம் கிளாஸ் எடுத்துடலாமே" என்று வெள்ளிக்கிழமையே சொல்லிச் சிரித்திருந்தார் கணவர்.

சிரிக்க முடியாத சங்கதி இதுதான். டிரைவரை அவள் கெர்னலுக்குள்ளேயே சேர்த்துவிட்டிருந்தாள். அதனால் அது சேமிப்பகம் திறப்பதற்கு முன்பே விழித்துக்கொண்டு "கோப்பு எங்கே?" என்று கேட்டது. கோப்போ இன்னும் திறக்காத சேமிப்பகத்தில். கொடுக்க ஆளில்லை. அதற்கு மருந்தாக, 'கோப்பு கிடைக்காவிட்டால் யாராவது கொண்டுவந்து தரும்வரை காத்திரு' என்கிற விருப்பத்தேர்வை அவள் இயக்கிவிட்டாள். மெஷின் அறுபது வினாடி காத்திருந்து, ஏமாந்து, சேமிப்பகம் திறந்த பிறகு இரண்டாம் முறை கேட்டு வாங்கிப் பேசியது. வெள்ளி இரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

சனிக்கிழமை காலை அண்ணன் தலையை ஆட்டிவிட்டு நோட்டில் எழுதினார். "பேட்டரி செத்துப்போச்சு. கார் பிளக்ல தான் ஓடும். புதுசா கத்துக்கறவன் ஒரு மணி நேரத்துல பன்னெண்டு தடவை இன்ஜினை அணைப்பான். ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் மெஷின் செத்துப் பொழைக்கும். பின்னால லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், பையன் நடுங்குறான். அந்த ஒரு நிமிஷம் நான் ஊமையா உக்காந்திருக்கணுமா, குட்டி?"

அதைப் படித்தபோது அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. தனக்கு ஒரு நிமிடம் ஒரு பொருட்டல்ல. அண்ணனுக்கு அதுதான் பிழைப்பு.

டிரைவரைக் கெர்னலிலிருந்து பிரித்துத் தனியாக வைத்துப் பார்த்தாள். மெஷின் பேசப் பதினெட்டு வினாடி ஆனது. "அதுக்குள்ள வண்டி பாதி ரோடு தாண்டிடும்" என்று எழுதினார் அண்ணன். கடைசி வழி ஒன்றுதான். அந்தக் காத்திருக்கும் விருப்பத்தேர்வை அணைத்துவிட்டு, ஃபர்ம்வேர் கோப்பையும் கெர்னலுக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட வேண்டும். விழிக்கும்போதே கையில் இருக்கும். ஞாயிறு காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாள். கெர்னல் பிழையில்லாமல் கட்டப்படுகிறது, மெஷின் எழுந்திருக்கிறது, வாய் மட்டும் திறப்பதில்லை. உள்ளறையில் இரண்டு தட்டு.

"சில்லே போயிடுச்சு போலிருக்குங்க" என்றாள் உடைந்த குரலில். "என் மேல தப்பு இல்லை. எல்லாம் சரியாத்தான் குடுத்திருக்கேன்."

அண்ணன் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். திரையின் ஒரு பக்கம் மெஷினின் புலம்பல் பதிவு, இன்னொரு பக்கம் அவள் அமைத்த விருப்பத்தேர்வுகளின் பட்டியல். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் இருபத்தாறு வருடம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ஓட்டுகிறவன் பார்க்கத் தவறுவதைப் பார்த்தே பழகிய கண்கள். பதிவை ஒருமுறை பார்த்தார். பட்டியலை ஒருமுறை பார்த்தார். பேனா முனையால் இரண்டையும் தொட்டுக்காட்டிவிட்டு எழுதினார்:

"அது கேட்கிற பேர் நீளமா இருக்கு. நீ குடுத்த பேர் குட்டையா இருக்கு."

அவள் திரையை நெருங்கி இரண்டு பெயர்களையும் பார்த்தாள். டிரைவர் கேட்டது ஃபோல்டர் பெயரையும் சேர்த்து. அவள் கொடுத்ததோ கோப்பின் பெயரை மட்டும். தெருப் பெயர் இல்லாமல் வீட்டு எண் மட்டும் எழுதிய தபால் போலக் கோப்பு உள்ளேயே கிடந்திருக்கிறது, உரியவர் கைக்குப் போகாமல்!

"அய்யோ அண்ணா! பதினஞ்சு வருஷமா இதே வேலை. இதைப் போய்..."

அண்ணன் அவள் பின்னந்தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார். அதற்கு எந்த அகராதியும் தேவைப்படவில்லை.

ஃபோல்டர் பெயரைச் சேர்த்து மறுபடியும் கட்டினாள். ஆறு நிமிடம். அந்த ஆறு நிமிடமும் அவள் நெஞ்சுக்குள் ஆயிரம் பேர் நடந்தார்கள். புதுக் கெர்னலை மெஷினில் ஏற்றி, சுவர்ப் பிளக்கில் செருகினாள். கணவர் வாய்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு... மூணு... நாலு..."

அண்ணன் பட்டனை அழுத்தினார்.

"கிளட்ச்சை மெதுவா விடுங்க" என்றது மெஷின், இருபது வயதுப் பெண்ணின் குரலில், தேன் ஒழுக.

கணவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "மச்சான்! இந்தக் குரலுக்கு மயங்கி எவனும் சீக்கிரம் லைசென்ஸ் வாங்கமாட்டான், பாருங்க!"

அண்ணனின் தோள்கள் சத்தமில்லாமல் குலுங்கின. தங்கை சிரித்தாள், அழுதாள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தாள். பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பன்னிரண்டு தடவை செருகிப் பார்த்தார்கள். பன்னிரண்டு தடவையும் நாலே வினாடி.

கணவர் முதலாளியைப் போனில் பிடித்தார். "சார், பிளக் போட்டு எத்தனை வினாடியில பேசுதுன்னு நீங்களே எண்ணிக்குங்க" என்று போனை மெஷினுக்குப் பக்கத்தில் வைத்தார். மறுமுனையில் எண்ணும் குரல் கேட்டது.

"யாரு சார் அந்தப் பொண்ணு?"

"நம்ம மாஸ்டர்தான் சார்."

முதலாளி சிரித்தார். "சரி, நாளைக்கு ஆறரைக்கு ரெண்டு பேர் புதுசா வராங்க. மாஸ்டரையே வண்டி எடுக்கச் சொல்லுங்க."

நாலரை மணிக்கு அண்ணன் மெஷினைத் துண்டில் சுற்றிப் பையின் நடுவில் வைத்தார். கெர்னலின் இன்னொரு பிரதியை அவள் ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தாள்.

"ஏதாவது ஆச்சுன்னா உடனே ஒரு மெசேஜ் போடு. நீயா எதையும் நோண்டாதே."

அண்ணன் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார். மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தவர், தங்கையைப் பார்த்து உதடு மட்டும் அசைய ஏதோ சொன்னார்.

"சரிண்ணா, பார்த்துப் போ. போய்ச் சேர்ந்ததும் சாப்பிடு."

படிக்கட்டில் அவர் இறங்கும் காலடி ஓசை, வந்தபோது இருந்ததைவிட வேகமாகக் கேட்டது. அது கீழே தெருச் சத்தத்தில் கலக்கும்வரை நின்றிருந்துவிட்டு, அவள் கதவைச் சாத்தினாள்.