தேவையானவற்றை நிறுவவும்

நூலகங்களில் புத்தகம் கொடுத்து வாங்குவதற்கான, யாரும் இலவசமாக எடுத்துத் திருத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள் ஒன்றை எழுதியவர் அவர். பகலில் குடிநீர் அலுவலகத்தில் கணக்கர். மற்ற நேரமெல்லாம் அந்த மென்பொருளுக்கு அதிபதி. உதவிக்கு ஆள் வருவதில்லை என்பது அவருடைய தீராத குறை. வந்தவர்களை வாசலோடு திருப்பி அனுப்பியது அவர் எழுதிய வழிகாட்டி. மொத்தம் மூன்று வரி: மூலநிரலை இறக்கவும். தேவையானவற்றை நிறுவவும். பில்ட் செய்யவும். அதனாலேயே மூணுவரியார் என்று பெயர் வாங்கினார். எவையெல்லாம் தேவை என்று கேட்பவர்களுக்கு, "வழிகாட்டியைப் படிக்கவும்" என்று பதில் போடுவார்.

ஒரு சனிக்கிழமை அவருடைய மடிக்கணினி உயிரை விட்டது. அன்றைக்கென்று, மென்பொருளைப் பயன்படுத்தும் பெரிய நூலகத்திலிருந்து புகார். திருப்பிக் கொடுத்த புத்தகங்களும் வெளியே இருப்பதாகவே காட்டுகிறதாம். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேறு மென்பொருளுக்கு மாறிவிடுவார்களாம்.

மனைவியின் தங்கை கணவர் வீட்டுக்குப் போய், அவருடைய மடிக்கணினியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். பிழையை நொடியில் திருத்திவிட்டார். திருத்திய மூலநிரலை ஓடும் மென்பொருளாக்கப் பில்ட் செய்தால், அதற்குத் தேவையான ஏதோ ஒரு நிரல் இல்லை என்றது. அதைப் போட்டார், இன்னொன்று இல்லை என்றது. அதையும் போட்டார், பதிப்பு சரியில்லை என்றது.

"வழிகாட்டி இருக்குமே சகலை, பாக்கலாமில்ல?"

"அதை எழுதினதே நான்."

"அதான் கேக்கறேன்."

பழைய கணினியில் எப்போதோ போட்டது. எந்தப் பதிப்பு என்று அவருக்கே நினைவில்லை. மென்பொருளுக்கான இணையக் குழுவில் மிஞ்சியிருந்த இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கும். சொந்தப் பெயரில் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. புதியவரைப்போல வேறு பெயரில் கேட்டார். உடனே பதில் வந்தது: "வழிகாட்டியைப் படிக்கவும்."

"திமிரைப் பாத்தீங்களா சகலை? தெரியாம கேக்கறவங்ககிட்ட இப்படியா பேசுறது?"

"வளர்ப்பு அப்படி."

ஞாயிறு மாலைவரை முட்டி மோதிவிட்டு, வேறு வழியின்றிச் சொந்தப் பெயரில் கேட்டார். பதிப்பு எண் வந்தது. கூடவே, "உங்களுக்குமா தெரியல?" என்றும் வந்தது. பில்ட் முடிந்து, திருத்தம் நூலகத்துக்குப் போனது.

"சூட்டோட சூடா எல்லாத்தையும் எழுதிடுங்க சகலை. வர்றவனாவது பிழைப்பான்."

"நான் ரெண்டு நாள் பட்ட பாட்டை எவனோ ரெண்டு நிமிஷத்துல தாண்டிப் போகணுமா?"

ஆனாலும் வழிகாட்டியைத் திறந்து ஒரு வரி சேர்த்தார்: பொறுமை அவசியம்.

சகலை எட்டிப் படித்தார். மடிக்கணினியை அவர் மடியிலிருந்து எடுத்து மூடினார்.

"இன்னொரு தடவை உங்க கம்ப்யூட்டர் படுத்தா இங்க வராதீங்க. மாமனாருக்கு மூணாவது பொண்ணும் கிடையாது."