யாழினி திறந்த தாழ்ப்பாள்கள்

பால்வாடி வேலையில் பிள்ளைகள் அழுதால் ஒரு பயம். அழாமல் அமைதியாக இருந்தால் அதைவிடப் பெரிய பயம். இந்த வேலையில் மாட்டிக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் சிறப்பாசிரியர். கச்சிராயபாளையம் பக்கத்துப் பால்வாடிகளுக்கும் கல்வராயன்மலை மேலே சிலவற்றுக்கும் முறை வைத்துப் போவேன். பேச்சு வராத, நடை வராத, ஓரிடத்தில் நிற்காத சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து பழக்குவேன். சொன்னால் கேட்காதவர்கள் என்று பார்த்தால் பிள்ளைகளைவிடப் பெரியவர்கள்தான் ஜாஸ்தி.

பேரை எடுத்துடட்டுமா?

யாழினிக்கு நாலு வயது. பேச்சு கிடையாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். ஆட்டிசம் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அவள் அம்மா செல்வி கரும்பு வெட்டப் போகிறவர். பால்வாடியில் சேர்ப்பதற்கு முன்னால், வேறு வழி தெரியாமல், பழைய புடவையால் பிள்ளையின் காலைக் கட்டிலோடு கட்டிவிட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். கணுக்காலில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் யார் மேல் என்று தெரியாமல் எனக்குக் கோபம் வரும்.

பால்வாடி டீச்சர் எழிலரசிக்கு வேறு கவலை. தெருக்கோடியில் பாசன வாய்க்கால். யாழினியோ கண் மூடித் திறப்பதற்குள் ஓடுகிறவள். பதிவேட்டைக் காட்டி, "பேரை எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். எடுத்தால் பிள்ளை மறுபடி கட்டிலுக்குத்தான் போகும் என்று அரைமணி நேரம் நீட்டி முழக்கினேன். முழுசாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "நீங்க மாசத்துக்கு நாலு தபா வந்து பேசிட்டுப் பூடுறீங்க. தெனம் வாய்க்காலப் பாத்துப் பயந்துகினு கெடக்கறது நாந்தான மேடம்?"

பைக்குள் என்ன?

பயத்துக்குப் பதில் சொல்ல வழி தெரியாததால் ஒரு பலகை செய்தேன். அதில் நாதாங்கி, கொக்கி, சங்கிலி, இழுக்கும் தாழ்ப்பாள் எல்லாம் திருகி வைத்திருந்தேன். விரலுக்கு வேலை கிடைத்தால் யாழினி ஓடாமல் உட்காருவாள் என்பது கணக்கு. நிஜப் பொருளில்தான் பிள்ளைகள் சீக்கிரம் கற்பார்கள் என்று, பால்வாடி கேட்டில் இருக்கும் அதே மாதிரித் தாழ்ப்பாளாகத் தேடி வாங்கினேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்!

வெள்ளிமலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் பை கவிழ்ந்து பலகை கண்டக்டர் காலடியில் விழுந்தது. நாலு வயதுப் பிள்ளைக்குப் பாடம் நடத்த என்று விளக்கினேன். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பூட்டு தொறக்கவா பாடம்? நல்லா வருவாங்கம்மா ஒங்க புள்ளைங்க!"

திறந்து கிடந்த கேட்

ஐந்து வாரமாகப் பலகையை முறைத்துக்கொண்டு மட்டும் இருந்த யாழினி, ஒரு காலையில் தாழ்ப்பாளைத் தூக்கி, இழுத்து, திறந்துவிட்டாள். கை தட்டினேன். நோட்டை எடுத்து 'தானாகத் திறந்தாள்' என்று எழுதி நிமிர்ந்தால் பலகை இருக்கிறது, பிள்ளை இல்லை. வாசல் கேட் அகலமாகத் திறந்து கிடக்கிறது.

எழிலரசி மற்ற பிள்ளைகளை உள்ளே அடைத்துக்கொண்டு நிற்க, நானும் சமையல் உதவியாளர் பச்சையம்மாவும் ஓடினோம். "யாழினி! யாழினி!" என்று தெரு அதிரக் கத்தினேன். பேர் சொன்னால் திரும்ப மாட்டாள் என்று அறிக்கை எழுதிக் கொடுத்ததே நான்தான். வாய்க்காலில் அன்றைக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க இன்னும் வேகமாக ஓடினேன். பச்சையம்மாதான் தெருவைச் சரியாகப் பார்த்தார். மூன்றாம் வீட்டுக் கேட் திறந்திருந்தது. அதற்கடுத்ததும். அதற்கடுத்த ஆட்டுப்பட்டியும் திறந்து, ஆடுகள் எல்லாம் தெருவில். திறந்த தாழ்ப்பாள்களைப் பார்த்துப் பார்த்தே ஓடினோம்.

கடைசியில் மதகு. அதன் மேல் உட்கார்ந்து, கால்களைத் தண்ணீர்ப் பக்கம் தொங்கவிட்டு, அங்கிருந்த சங்கிலியை ஆராய்ந்துகொண்டிருந்தாள். நான் கத்த வாயைத் திறந்தேன். வெங்காய வாசம் அடிக்கும் ஒரு கை என் வாயைப் பொத்தியது. பச்சையம்மா சத்தமில்லாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அவரும் சங்கிலியைப் பார்த்தார். பிள்ளையின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்ட பிறகுதான் என் பக்கம் திரும்பினார்: "இப்பக் கத்துங்க மேடம். எவ்ளோ வேணுமோ கத்திக்கோங்க."

யார் திறந்தது?

நாங்கள் திரும்புவதற்குள் செல்வி கரும்புக் கொல்லையிலிருந்து கத்தியும் கையுமாக ஓடி வந்திருந்தார். ஆட்டுக்காரரும் வந்திருந்தார். கேட்டைச் சாத்தாமல் விட்டது பச்சையம்மாதான் என்று எல்லாரும் சேர்ந்து முடிவு கட்டினார்கள். அந்தம்மாவே குழம்பிப்போய், "நாந்தான் உட்டுட்டனோ?" என்றார். எழிலரசி பதிவேட்டை எடுத்து விரித்துவிட்டார். நான் பலகையைப் பார்த்தபடி நின்றேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு சொன்னேன்: "தொறந்தது யாழினி. தொறக்கக் கத்துக்குடுத்தது நான்."

செல்வி அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் கத்தியைக் கீழே வைத்தார். "எம்பொண்ணா? அவளே கத்துக்கினாளா?" என்றார். ஆமாம் என்றேன். "எத்தினி தொறந்தா?" பால்வாடி கேட்டையும் சேர்த்து நாலு என்றேன். மகளைக் கட்டிக்கொண்டு அழுதார், நடுவில் சிரித்தார், மறுபடி அழுதார். ஆட்டுக்காரர் ஆடு தேடப் போய்விட்டார். எழிலரசி மட்டும் அசையவில்லை. பேனா யாழினி பேரின் மேலேயே நின்றது. கடைசியில் பதிவேட்டை மூடினார்.

"பேரு இருக்கட்டும். கேட்டுக்கு இன்னொரு தாப்பா எந்தலைக்கு மேல போட்டுக்கலாம். ஆனா அடுத்து இன்னா கத்துக்குடுக்கப் போறீங்கன்னு மொதல்ல எங்கிட்ட சொல்லிடுங்க மேடம்."

பாடம் நடத்திய ஐந்து வாரத்தில் அந்த இரண்டாவது தாழ்ப்பாளைப் போட வேண்டும் என்று எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை என்றால், அவள் கற்றுக்கொள்வாள் என்று நம்பாமலேதான் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.