சுகுணா டீச்சர் நடத்திய முதல் உலகப்போர்

"இருபத்திரண்டு வருஷமா இந்தக் கை ஒரு புள்ள மேலயும் பட்டதில்லீங்க. உலகப்போரையே பேசித் தீர்க்கிறவ நான். வகுப்புச் சண்டை எல்லாம் எனக்கு எம்மாத்திரம்?"

தருமபுரியில் நடந்த ஆசிரியர் பயிற்சி முகாமில் சுகுணா டீச்சர் இப்படி முழங்கியபோது, பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட எழுந்து கைதட்டினார்கள். பேச்சு அங்கேயே நிற்கவில்லை. இண்டூர் பக்கம், பாப்பாரப்பட்டி பக்கம் எல்லாம் பரவியது. புள்ளையை அடிக்காத டீச்சராம் என்று பெற்றோர்கள் அவரைச் சற்றுச் சந்தேகத்தோடே பார்த்தார்கள்.

டீச்சர் வேலை பார்த்தது அந்த இரண்டு ஊருக்கும் நடுவே இருந்த ஓர் அரசுப் பள்ளியில். பத்தாம் வகுப்புக்குச் சமூக அறிவியல். முதல் பாடமே முதல் உலகப்போர். மற்றவர்கள் அதைக் கோடிட்டுக் கொடுத்து ஒரே வாரத்தில் முடித்துவிடுவார்கள். டீச்சருக்கு அது போதாது. எழுத்து, பேச்சு, விவாதம் என்று மூன்று கட்டமாகத் தை மாதம்வரை போரை நடத்துவார். ஒவ்வொரு பிள்ளையும் ஒரு நாடு. முதலில் பதுங்குகுழியிலிருந்து வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டும். "இங்கே எலி கால் விரலைக் கடிக்கிறது, அடுத்த முறை புளிச்சோறு அனுப்பவும்" என்று எழுதிய ரஷ்யாவுக்குப் பத்துக்குப் பத்து. விதி ஒன்றே ஒன்று: அவரவர் நாட்டை விட்டுக்கொடுக்காமல் எழுத வேண்டும். எதிரியின் நியாயத்தை எழுதினால் இரண்டு மதிப்பெண் போச்சு.

நாடுகளைப் பிரித்ததில்தான் கோளாறு. பள்ளிக்கு வருவது ஒரே ஒரு டவுன் பஸ். பிள்ளைகள் வரும் வழியிலேயே சேர்ந்து ஒத்திகை பார்க்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில், முன்படிக்கட்டில் வருகிறவர்களை நேச நாடுகள் ஆக்கினார், பின்படிக்கட்டில் வருகிறவர்களை மைய நாடுகள் ஆக்கினார். டீச்சர் ஸ்கூட்டியில் வருகிறவர். அந்த இரண்டு படிக்கட்டுக்கும் நடுவே மூன்று வருஷமாகப் போர் நடப்பதும், அதில் ஏற்கெனவே இரண்டு மண்டை உடைந்திருப்பதும் அவருக்குத் தெரியாது. ஐரோப்பாவில் யார் யாரோடு கூட்டு என்று நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

விவாத நாள் வந்தது. தலைப்பு: போருக்கு யார் காரணம்? பிரான்ஸாக வந்தவன் ராஜா, முன்படிக்கட்டின் தளபதி. ஜெர்மனி, பின்படிக்கட்டின் பூவரசன். பிரான்ஸ் எழுந்து, பெல்ஜியத்துக்குள் ஜெர்மனி புகுந்ததைக் கண்டித்தது. அதோடு நிற்காமல், போன வாரம் முன்படிக்கட்டில் புகுந்து தன் பையை ஓடும் பஸ்ஸிலிருந்து ஜெர்மனி வீசியதையும் கண்டித்தது.

"வீசுனேன்தான்," என்றது ஜெர்மனி. "மூணு கிலோமீட்டர் திரும்பி நடந்து பொறுக்குனியே, அப்ப எங்கடா போச்சு உன் நேச நாடு?"

டீச்சர் குறுக்கே புகுந்தார். தலைப்பை விட்டு விலகக் கூடாது, போர் என்றால் என்னவென்று பாடத்தில் படித்தது நினைவிருக்கட்டும் என்றார்.

பூவரசன் அவர் பக்கம் திரும்பினான். "நீங்க படிச்சது புஸ்தகச் சண்டைங்க டீச்சர். ஒரு நாள் படிக்கட்டுல தொங்கிட்டு வாங்க, நானே உங்களுக்குப் பாடம் எடுக்கறேன்."

வகுப்பே சிரித்தது. நேச நாடுகளும் மைய நாடுகளும் அன்று ஒற்றுமையாகச் செய்த ஒரே காரியம் அதுதான். சிரிப்பு அடங்குமுன் பளார் என்று ஒரு சத்தம். அடித்த கை டீச்சருடையது.

பூவரசன் நிலைதடுமாறி ராஜாவின் மேல் போய் விழுந்தான். தன் மேல் பாய்கிறான் என்று நினைத்த ராஜா ஜியாமெட்ரி பாக்ஸை அவன் மூக்கில் இறக்கினான். பிறகு எந்த நாடும் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஆஸ்திரியா பெஞ்சுக் காலைப் பிடுங்கியது. இங்கிலாந்தின் தோளில் காம்பஸ் முள் இறங்கியது. உலக வரைபடத்தைச் சுருட்டும் கட்டையைத் துருக்கி உருவி, ராஜாவின் வாயிலேயே ஒரு போடு போட்டது. முன்பல் இரண்டும் ஐரோப்பாவின் மேல் விழுந்தன. கீழே கிடந்த ரஷ்யாவின் விரல்களைச் செருப்புக் கால்கள் நசுக்கின. எலும்பு முறியும் சத்தத்தை டீச்சர் தெளிவாகக் கேட்டார். அது பூவரசனின் முன்கை. "பேசித் தீர்த்துக்கலாம்" என்று சொல்ல வாயைத் திறந்தபோது யாரோ ஒரு நடுநிலை நாட்டின் முழங்கை அவர் கண்ணுக்குக் கீழே இடித்தது.

ஆம்புலன்ஸ் இரண்டு நடை போனது. சாயங்காலத்துக்குள் ராஜாவின் சித்தப்பன்கள் நான்கு பேர் உருட்டுக்கட்டையோடு வந்து, பள்ளி வாசலில் பூவரசனின் அப்பா மாதப்பனைக் கீழே தள்ளி மிதித்தார்கள். பூவரசனை டி.சி. கொடுத்து அனுப்பும்வரை பள்ளி நடக்காது என்று கேட்டை உடைத்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் தலைமையாசிரியர் குப்புராஜ் எல்லாரிடமும் வாக்குமூலம் வாங்கினார். அருமையான நடை, ஒரு பிழை கிடையாது. முன்படிக்கட்டு முழுவதும் முதல் அடி பூவரசன் என்றது. பின்படிக்கட்டு முழுவதும் ராஜா என்றது. எதிரியின் நியாயத்தை ஒருவரும் எழுதவில்லை. பொதுத்தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கும்போது டீச்சரின் அடியை எழுதி அவரைப் பகைத்துக்கொள்ள எந்த நாடும் தயாராக இல்லை. பூவரசன் மட்டும் வெறும் தாளைக் கொடுத்தான்; வலது கை மாவுக்கட்டில் இருந்தது. வாயால் கேட்டதற்கும் பதில் சொல்லவில்லை.

டி.சி. தயாராக மேசை மேல் கிடந்தது. வாங்கிக்கொண்டால் அவனுக்கு இந்த வருஷம் பரீட்சை இல்லை. பெங்களூரில் செங்கல் தூக்கும் சித்தாள் வேலைதான். கையெழுத்துப் போட வந்த அவன் அம்மா மாதம்மாள், டீச்சரைப் பார்த்ததும் கும்பிட்டாள்.

"எம்புள்ள வாயே தொறக்க மாட்டேங்கறான் டீச்சர். வூட்ல அவங்கப்பாரு எழுந்திரிக்க முடியாமக் கெடக்கறாருங்க. நீங்கதான் ஒரு புள்ள மேலயும் கை ஓங்காதவங்களாச்சே. நீங்க சொல்றதை நான் நம்பறனுங்க."

டீச்சர் டி.சி.யை எடுத்துப் பெயரைப் படித்துவிட்டுத் திரும்ப வைத்தார்.

தலைமையாசிரியர் அவரிடம் ஒரு தாளை நகர்த்தினார். இரண்டு பக்கமும் பார்த்தவர் என்ற முறையில் முதல் அடி யாருடையது என்று ஒரு வரி எழுதினால் போதும், மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். என்ன எழுத வேண்டும் என்பதைக் கண்ணாலேயே டி.சி. பக்கம் காட்டினார்.

டீச்சர் எழுதினார். "முதல் அடி நான் அடித்தது. அந்த வேகத்தில்தான் பூவரசன் ராஜா மேல் விழுந்தான். அவன் பாயவில்லை." தேதி போட்டார். கையெழுத்துப் போட்டார்.

குப்புராஜ் இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறை படித்தார். இதை மேலிடத்துக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று தெரியுமா என்று மெல்லக் கேட்டார்.

"தெரியுங்க சார்," என்றார் டீச்சர். "கன்னத்துல அடிச்சது காதுலயும் பட்டுச்சு. அதை எழுதாம விட்டுட்டேன். அந்தத் தாளைக் கொஞ்சம் கொடுங்க."