திமில் இல்லாத மாடு

மகள் பென்சில் சீவினாள். அந்த வாசனையில் காங்கேயத்துப் பள்ளிக்கூடம் திரும்பி வந்தது. தொண்ணூறுகளில் அங்கே எனக்கு ஒன்றாம் வகுப்பு டீச்சர் என் அம்மாதான்.

புதிதாக வந்த படப்புத்தகத்தில் கறுப்பு வெள்ளைச் சீமைப் பசு ஒன்று நின்றது.

"டீச்சருங்க, இது மாடே இல்லீங்க. திமிலக் காணோமுங்க!" என்றாள் ராசாத்தி. வகுப்பே ஆமாம் போட்டது.

அம்மா பென்சிலைச் சீவி, எல்லார் புத்தகத்திலும் திமில் வரைந்தார்.

பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி முகம் சுளித்தார். "யாருங்க இப்படிக் கிறுக்குனது?"

"நாந்தானுங்க. வெளிய கட்டியிருக்கற மாட்டப் பாத்துப்போட்டு வந்து சொல்லுங்க."

போய்ப் பார்த்து வந்தார். "பென்சிலக் குடுங்க டீச்சர். கொம்பும் பத்தாதுங்க."

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

இன்று மகளின் புத்தகத்திலும் அதே சீமைப் பசு. அம்மா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கை நீட்டுகிறார்.

"பென்சில இங்க குடு கண்ணு."