தண்ணீர் நின்ற கோடு

எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். தாம்பரத்துக்கு மேற்கே, ஏரிக்குப் பக்கத்தில் இந்த வீட்டைச் சொந்தக் காசில், சொந்தக் கையால் கட்டியவனும் நான்தான். கட்டும்போது பேஸ்மட்டம் ரோட்டை விட மூன்றடி உயரம். தார் மேல் தார் போட்டு ரோட்டை ஏற்றிக்கொண்டே போனார்கள். இப்போது படி இறங்கித்தான் வீட்டுக்குள் வர வேண்டும். அதற்கு நான் என்ன செய்ய?

ஹைக்கூ எழுத ஆரம்பித்தது மேஸ்திரி வேலையை விட்ட பிறகு. காலையில் என்னோடு நடக்கிற தமிழ் வாத்தியார், "மூணே வரி, அதுல பருவம் தெரியணும். அவ்ளோதான் அண்ணா" என்றார். வெயிலிலும் மழையிலும் சாரத்தில் நின்றவனுக்குப் பருவம் தெரியாதா? சித்திரைக்கு ஒன்று, ஆடிக் காற்றுக்கு ஒன்று என்று எழுதி, நடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். வாத்தியாருக்கு இரண்டு கைதட்டல் விழுந்தால் எனக்கு இருபது. அப்பன் எழுதுவதைப் பார்க்கட்டும் என்று மகளையும் குழுவில் சேர்த்துவிட்டேன்.

வெள்ளம் வடிந்த பிறகு எழுதியதுதான் பெயர் வாங்கித் தந்தது:

மழை விட்டது
கூடத்துச் சுவரில் இன்னும்
தண்ணீர் நின்ற கோடு

கோடு நிஜம். மார்பு உயரத்தில், பழுப்பாக. வீட்டுக்கு யார் வந்தாலும் கவிதையைச் சொல்லிக் கோட்டையும் காட்டுவேன். அந்த நேரம் என் மனைவி சமையலறைக்குள் போய்விடுவாள். தண்ணீர் ஏறிய அன்று, படகு வரும்வரை, கட்டில் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவள் அவள்.

"பெயிண்ட் அடிச்சிடுய்யா. அது அங்க கீற வரைக்கும் எனக்குத் தூக்கம் வரல."

"இன்னாமே, அதைப் பார்க்கத்தானே ஆளுங்க வராங்க?"

"அப்ப அவங்களையே சோறாக்கச் சொல்லு."

ஐப்பசி பிறந்தால் பையைத் தூக்கிக்கொண்டு கோவிலம்பாக்கம் போவாள். மகள் வீடு அங்கே மூன்றாவது மாடியில். பொங்கலுக்குத் திரும்பிவிடுவாள். போன பொங்கலுக்கு வரவில்லை. மாசியும் போயிற்று. பனிக்கு ஒன்று, புங்க இலை கொட்டுவதற்கு ஒன்று என்று அவளுக்கென்றே எழுதி அனுப்பினேன். நீல டிக் விழும். பதில் இதுதான்: "மாத்திரை போட்டியா?"

பங்குனியில் நானே இரண்டு கோட் அடித்தேன். என் கை பட்டால் சுவர் கண்ணாடி மாதிரி ஆகும். படம் எடுத்து அனுப்பிவிட்டு போன் போட்டேன்.

"அடிச்சிட்டேன். வூட்டுக்கு வாமே."

படத்துக்கு நீல டிக் விழுந்தது. பிறகு, "நல்லா கீது" என்றாள். "மழை முடியட்டும்யா, பார்க்கலாம்."

வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

இப்போது ஐப்பசி. முதல் மழைக்கே சுவர் ஓதம் வாங்கி, பெயிண்ட் உப்பி, கோடு அதே உயரத்தில் மறுபடி தெரிகிறது. பார்த்தவுடன் மூன்று வரி வந்துவிட்டது. இதுவரை நான் எழுதியதிலேயே அதுதான் உசத்தி. வாத்தியார் நாக்கைப் பிடுங்கிக்கொள்வார்.

குழுவில் போடவில்லை. மகள் படிப்பாள். படித்தால் அம்மாவிடம் காட்டுவாள்.