சிலோன் நல்லதா, இந்தியா நல்லதா

கோதுமை மாவில் தேங்காய்த் துருவலைப் பிசைந்து தட்டிய ரொட்டி, காய்ந்த கல்லில் படும்போது எழும் வாசனை ஏரிக்கரை வரைக்கும் வரும். களியிலும் கூழிலும் வளர்ந்த எங்களுக்கு அது வேறு தேசத்து வாசனை. நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரில், காலனிக்கும் அப்பால், அரசாங்கம் காட்டிய கல்லாங்குத்துத் தரிசில் குடிசை போட்டிருந்த "சிலோன்காரங்க" வீட்டு வாசனை அது. செல்லையா, அவர் மனைவி ராசம்மா, என் வகுப்பில் படித்த செல்வி, அவள் தம்பி குமார் என்று நான்கு பேர். செல்லையாவின் தாத்தா இந்த ஊரிலிருந்துதான் தேயிலைத் தோட்டத்துக்குக் கப்பலேறினாராம். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவர் குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் அங்கே ரொட்டி தின்பது வீட்டுக்குத் தெரிந்திருந்தால் முதுகுத் தோல் உரிந்திருக்கும்.

எங்கள் கொல்லையில் "மல்லாட்டை" என்னும் நிலக்கடலை பிடுங்க ராசம்மா வரும் நாட்களில், வேலை செய்யும் அலுப்புக்கு அவளைப் பேசவிட்டுக் கேட்பது எல்லோருக்கும் ஒரு வேடிக்கை.

"சிலோன் நல்லாருந்துதா, இங்க நல்லாருக்குதா? சொல்லும்மா, கேப்போம்" என்பார் அப்பா.

ராசம்மா கேலியைக் கேலியாகவே எடுத்துக்கொள்ள மாட்டாள். "பிள்ளைக்குக் காய்ச்சல்னா தோட்டத்திலேயே டிஸ்பென்சரி இருக்குங்க, மருந்து சும்மா. வேலைக்குப் போனா பிள்ளைக் காம்பராவுல விட்டுட்டுப் போகலாம், பாலும் கொடுப்பாங்க. இங்க வரப்புலதானே கிடத்த வேண்டியிருக்கு" என்பாள்.

"அவ்ளோ சொகமா இருந்தா இன்னாத்துக்கு இங்க வந்தீங்க?" என்று யாராவது கேட்க, கொல்லையே சிரிக்கும்.

கூட வேலை செய்யும் செல்லையா மட்டும் முகம் சிவந்து போவார். "நாடில்லாதவன்னு சொன்னாங்களே, நாம குடியிருந்த லயத்துக்கு நெருப்பு வச்சாங்களே, அதையும் சொல்லு. இது நம்ம மண்ணு" என்று மனைவியை அதட்டுவார். அவள், "மண்ணு சோறு போடணுமே" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொள்வாள்.

எங்கள் சாதிக்குத் தனி இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்தது அந்தக் காலத்தில்தான். "நம்ம புள்ளைங்க ஆபீசருங்க ஆவணும்னா ரோட்டுல குந்தித்தான் ஆவணும்" என்று பெரியவர்கள் சொல்ல, அப்பாவும் அரிவாளோடு போனார். கள்ளக்குறிச்சிக்குப் போகும் சாலையில் புளியமரங்கள் குறுக்கே சாய்ந்தன; பஸ் இல்லை, ஜீப் இல்லை, வெள்ளிமலையிலிருந்து இறங்கியவர்கள்கூட வந்த வழியே திரும்பிப் போனார்கள்.

அந்த மறியல் நடுவில்தான் குமாருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. பையனைத் தோளில் போட்டுக்கொண்டு செல்லையா ஆஸ்பத்திரிக்கு நடந்தார். வெட்டிப் போட்ட மரத்தண்டை நின்றிருந்த அப்பாதான் பையனை வாங்கி, கிளைகளுக்கு மேலே தூக்கி, அந்தப் பக்கம் கொடுத்தாராம். "தூக்கினப்போ கண்ணத் தொறந்து பாத்தான்டி. வண்டி ஒண்ணுகூட இல்லியே, நான் இன்னா பண்ணுவேன்?" என்று அம்மாவிடம் சொல்லி அழுதார். கள்ளக்குறிச்சி எட்டும் முன்பே பையன் போய்விட்டான். போன வழியே, அதே தோளில், அதே மரங்களைத் தாண்டிக்கொண்டு செல்லையா திரும்பி வந்தார்.

ராசம்மா இனிமேல் இந்த மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஊரே எதிர்பார்த்தது. அவள் ஒரு சொல் சொல்லவில்லை. பேசத் தொடங்கியவர் செல்லையா. டீக்கடையில், களத்துமேட்டில், யாரும் கேட்காமலே, தோட்டத்து டிஸ்பென்சரியின் வாசல் எந்தப் பக்கம், மருந்து கலக்குகிறவர் குழந்தையை எப்படித் தொட்டுப் பார்ப்பார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். "அவ வேணாம்னுதான் சொன்னா. நான்தான் இழுத்தாந்தேன்" என்று முடிப்பார். அவர் தொடங்கினாலே ராசம்மா எழுந்து உள்ளே போய்விடுவாள். அங்கே இருந்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பானா என்று யாருக்குத் தெரியும்? அடுத்த மழைக்கு முன்னால் கோத்தகிரிப் பக்கம் தேயிலை பறிக்கப் போய்விட்டார்கள்.

போராட்டம் வீண்போகவில்லை. அது வாங்கித் தந்த இடத்தில் படித்து, கள்ளக்குறிச்சியில் ஓர் அரசு அலுவலகத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நாலுவழிச் சாலையில் புளியமரம் ஒன்றுகூட இல்லை, கல்லாங்குத்து மனைப்பிரிவாகிவிட்டது, ஊரில் இப்போது சிங்கப்பூரையும் துபாயையும்தான் ஒப்பிடுகிறார்கள்.

போன வருஷம் செல்வி வந்தாள். மகளைக் கல்லூரியில் சேர்க்க சாதிச் சான்றிதழ் வேண்டும். கோத்தகிரியில் கேட்டால், பூர்வீக ஊரில் போய் வாங்கு என்கிறார்களாம். இங்கே தாலுகா ஆபீசில், அவள் அப்பாவின் பூர்வீகம் இதுதான் என்பதற்கு ஆதாரம் எங்கே என்றார்கள். நானும் உடன் போய்ப் பேசிப் பார்த்தேன், நடக்கவில்லை. பஸ் நிலையத்தில், "கோத்தகிரி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"சிலோன்லயும் கொழுந்துதான் கிள்ளினோம், இங்கயும் கொழுந்துதான் கிள்ளுறோம்" என்றாள். "அங்க எங்களை இந்தியாக்காரன்னாங்க. இங்க சிலோன்காரங்கன்றீங்க."

சேலம் பஸ் வந்தது. ஜன்னலோர இடம் கிடைத்தும் அவள் வெளியே பார்க்கவில்லை.